பழைய துப்பாக்கியைப் புதிதாக்கித் தருவதில்லை, ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டர்பனுக்கு வடக்கே கரும்புத் தோட்டம் வைத்திருந்த நம் குடும்பங்கள் சிலவற்றில், தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இன்னும் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை எடுத்து வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, “பளபளவென்று புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கள்” என்றுதான். நாங்கள் உடனே சரி என்று சொல்லாததில் சிலருக்கு வருத்தம். அதற்கான விளக்கம் இது.

முதலில் குழலின் கருப்பு. இன்று பல இடங்களில் காரக் கரைசலைக் கொதிக்கவைத்து அதில் இரும்பை முக்கி எடுக்கிறார்கள். சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. புது ரைஃபிளுக்கு அதில் குற்றமில்லை. ஆனால் பழைய இரட்டைக்குழலில் இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையைக் குழல்களோடு பிடித்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. சூடான காரம் அந்தப் பற்றைத் தின்றுவிடும். பட்டை கழன்றுகொள்ளும், இடுக்கில் தங்கிய உப்பு சில மாதம் கழித்துத் துருவாக வெளியே வரும். அதனால் நாங்கள் பழைய வழியிலேயே செய்கிறோம். மெல்லிய துரு ஏறவிட்டு, கொதிநீரில் போட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, நிறம் ஆழமாகும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். டர்பன் காற்றின் ஈரத்தை ஊரே திட்டும், எங்களுக்கு மட்டும் அது வேலையாள்.

கருப்பு ஏற்றுவதற்கு முன் குழலை அழுத்தித் தேய்த்து மெருகேற்றவும் மாட்டோம். தேய்க்கத் தேய்க்கச் சுவர் மெலியும், தயாரித்தவர் பெயரும் சோதனை முத்திரையும் மங்கும். அந்த முத்திரைகள் லண்டனிலோ பர்மிங்காமிலோ குழலைச் சோதித்துக் குத்தியவை. பழைய கருப்பு வெடிமருந்துக்கு மட்டும் தேறியதா, இன்றைய புகையில்லா வெடிமருந்துக்கும் தேறியதா என்பதை அவற்றை வைத்துத்தான் சொல்லமுடியும். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த, பாம்புத்தோல் போல வரி ஓடும் டமாஸ்கஸ் குழலாக இருந்தால் இது இன்னும் முக்கியம். வரியை மறுபடி தெளிவாக்கித் தருவோம்; இன்றைய தோட்டா போடலாம் என்று அதைப் பார்த்து மட்டும் சொல்லமாட்டோம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டர். கடையில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் 70. அது தடையில்லாமல் உள்ளே போய்விடும், ஏனென்றால் அந்த 70 என்பது சுட்டபின் வாய் விரிந்த உறையின் நீளம். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். உடனே “அறையை நீட்டிவிடுங்கள்” என்பார்கள். நீட்டினால் சுவர் மெலிகிறது, குழலை மறுபடி சோதனைக்கு அனுப்பவேண்டிவரும். பொருத்தமான குட்டைத் தோட்டா வாங்குவதே மேல்.

துப்பாக்கியின் மரக்கட்டைக்கு உப்புத்தாள் வேண்டாம். வால்நட் மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும்படி அன்றைக்கே இழைத்திருப்பார்கள். ஒரு தடவை தேய்த்துத் தாழ்த்திவிட்டால் அந்த விளிம்பு திரும்ப வராது. பள்ளங்களை ஈரத்துணியும் சூடான இஸ்திரிப்பெட்டியும் வைத்து ஆவியில் எழுப்புகிறோம், அப்புறம் ஆளிவிதை எண்ணெயைக் கையால் பூசுகிறோம். வார்னிஷ் கேட்பவர்கள் வேறு பட்டறையைப் பார்க்கலாம். எலும்புக்கரியில் சுட்டதால் வந்த நீலமும் பழுப்பும், சுடும் பொறி அடங்கிய இரும்புப் பெட்டியில் மங்கி வெள்ளி நிறமாகியிருந்தால் அப்படியே விட்டுவிடுவோம். மறுபடி உலையில் வைத்தால் பெட்டி நெளியக்கூடும்.

ஆடும் கீல், தளர்ந்த வில், பாதுகாப்பாக நிற்காத விசை, இவற்றில் மட்டும் பழமை பார்ப்பதில்லை. மாற்றவேண்டியதை மாற்றுவோம், கழற்றிய பழைய உறுப்பைப் பொட்டலம் கட்டி உங்களிடமே தருவோம்.

கொண்டுவருமுன் ஒரு போன் செய்யுங்கள். உங்கள் பெயரில் உள்ள உரிமம் கையில் இருக்கவேண்டும். அப்பாவோ தாத்தாவோ காலமாகி, துப்பாக்கி இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுச் சுடுகருவிச் சட்டப்படி அது முதலில் இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவரின் பொறுப்பு. வைத்துக்கொள்ள விரும்பும் வாரிசு தகுதிச் சான்றிதழ் பெற்றுத் தன் பெயரில் உரிமம் வாங்கவேண்டும். அது கைக்கு வரும்வரை எங்களால் ஒரு திருகாணியைக்கூடத் தொடமுடியாது. வரிசை எண்ணைத் தேய்க்கவோ மாற்றவோ யார் கேட்டாலும் செய்யமாட்டோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து