அச்சம் விலகச் செய்முறைப் பயிற்சி தேவை

செயற்கை நுண்ணறிவு குறித்த மக்களின் அச்சத்தைப் போக்க வலியுறுத்தும் தங்கள் தலையங்கம் கண்டேன். காலத்துக்கு ஏற்ற கருத்து. ஆனால், 'அஞ்ச வேண்டாம்' என்ற அறிவுரையால் மட்டும் அச்சம் போய்விடாது. இந்தத் தொழில்நுட்பம் எங்கே தவறும் என்பதை மக்கள் தாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத் தெரியாதது எதுவுமில்லை என்று மிரண்டிருந்த என் மாமியார், ஓர் அரட்டைச் செயலியிடம் எங்கள் ஊர் அம்மன் கோயில் தேரோட்டம் எந்த மாதம் என்று கேட்டார். பங்குனித் தேரை ஆடியில் என்றது. பாதி பயம் அன்றே போயிற்று. இப்போது ரேஷன் கார்டில் பெயர் திருத்தக் கோரும் மனுவை அதைக் கொண்டே எழுதினார்; வரிக்கு வரி படித்துத் திருத்திய பிறகே கையெழுத்திட்டார்.

இந்தத் தொழில்நுட்பத்தால் உறவினர் குரலைப் போலியாக உருவாக்கிப் பணம் பறிப்பார்களோ என்ற அச்சம் நியாயமானது. அதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. அப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டுத் தெரிந்த எண்ணில் திரும்ப அழைக்கவும், பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்கவும் சொல்லித்தர வேண்டும். பொது நூலகத் துறை தன் கிளை நூலகங்களில் முதியோருக்கும் இல்லத்தரசிகளுக்கும் வாரம் ஒரு மாலை இந்தப் பயிற்சியை அளிக்கலாம்.