சாருக்கு, குன்னூரிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். நம் பேட்மின்டன் ஹாலைப் பற்றிப் போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஹால்ல இப்ப யாரும்மா ஆடுறீங்க?" என்றீர்கள். "எல்லாரும் ஆடுறோம் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, உடனே மருந்து மாத்திரை பற்றி விசாரிக்கப் போய்விட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, நீங்கள் ஆள் கணக்குக் கேட்கவில்லை என்று. முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த மலை. மூச்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டீர்கள். உங்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டாமா? நம் ஹால் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோர் பார்வைக்கும் வைக்கிறேன்.

ஆட்டம் நிற்கவில்லை சார். புதன், சனி, ஞாயிறு, சாயங்காலம் ஆறரை மணி. ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் ஜூலையிலேயே கொட்டித் தீர்த்துவிடும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதானே மழைக்காலம். இந்த வருஷமும் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் "அவுட்" என்று கத்தினால் எதிர்ப்பக்கம் கேட்காது. கையைத் தூக்கிக் காட்டித்தான் ஆடினோம்.

கோவையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்திருக்கிறான். நல்ல கை. முதல் நாள் அவன் அடித்த கிளியர் (எதிராளியின் பின்பக்கத்துக்கு உயரமாக அனுப்பும் அடி) எல்லாம் பின்கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தன. பத்து நிமிஷத்தில் முகம் வாடிவிட்டது. பேட்டின் நரம்பைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான். காக், அதாவது இறகுப் பந்து, அடைத்து அவன் கொண்டுவந்த டியூப்பின் மூடியைத் திருப்பினேன். வேக எண் 77 என்று இருந்தது. "தப்பு உன் கையில இல்ல தம்பி, காத்துல இருக்கு" என்றேன். எனக்கு நீங்கள் சொன்ன அதே வார்த்தை.

அப்புறம் பெஞ்சில் உட்காரவைத்து, நீங்கள் சொல்லித் தந்தபடியே சொன்னேன். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். கடற்கரைக் காற்றின் அடர்த்தியில் சுமார் ஆறில் ஒரு பங்கு இங்கே குறைவு. காக்கின் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது காற்றுதான். 16 இறகும் விரிந்து நின்று காற்றோடு மல்லுக்கட்டுகின்றன. மல்லுக்கட்டக் காற்று குறைந்தால் காக் நிற்காமல் ஓடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் குளிர் கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் உயரம் எடுத்துக்கொண்டதைக் குளிரால் முழுசாகத் திருப்பித் தர முடியாது. அதனால்தான் இங்கே எண் குறைந்த, மெதுவாகப் போகும் காக் டியூப், 75. அதுவும் ஓடினால் இறகு நுனியை ஒன்றுவிட்டு ஒன்று வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும். தம்பி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதெல்லாம் யாரு அக்கா சொன்னாங்க?" என்றான். உங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அன்றைக்கு அடுத்த கேம் ஆரம்பிக்க எட்டு மணி ஆகிவிட்டது.

ஆடும் முன்னால் காக்-ஐச் சோதிக்கிற வழக்கத்தையும் நாங்கள் விடவில்லை. பின்கோட்டில் நின்று கீழிருந்து முழு வீச்சில் அடித்தால், எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 99 சென்டிமீட்டருக்கு மிகாமலும் உள்ளே விழ வேண்டும். நீங்கள் சாக்பீஸில் போட்டு வைத்த அந்த இரண்டு அடையாளமும் தரை ஈரத்தில் அழிந்துபோயின. டேப் வைத்து அளந்து, மஞ்சள் பெயின்ட்டில் நானே போட்டுவிட்டேன். டீ பேக்டரியில் கணக்கு எழுதிவிட்டு வீட்டுக்கு ஓடுவதைத் தவிர வேறு தெரியாதவளாக, 38 வயதில் முதல் தடவை பேட்டைப் பிடித்தவள் நான். அந்தக் கோட்டைப் போடும் வேலை என் கைக்கு வந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இனி நான் கற்றுக்கொள்ளும் புல்லாங்குழல் பற்றி. ஆரம்பப் பாடமான சரளி வரிசை முடிந்து அடுத்ததான ஜண்டை வரிசைக்கு வந்திருக்கிறேன். ஞாயிறு காலை போனில் பாடம். டீச்சர் கோவையில் இருக்கிறார். மார்கழியில் ஐந்தரைக்கு எழுந்து, வீடு விழிப்பதற்குள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊதுவேன். 5 கட்டைச் சுருதிக் குழல்தான், சுருதி பிடிக்கும் தம்புரா ஆப்பிலும் 5 கட்டைதான், ஆனால் இரண்டும் சேரவே இல்லை. குழல் கீழேயே நின்றது. உதட்டைக் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று மாற்றி மாற்றி வைத்து மூன்று நாள் போனது. டீச்சர் கேட்டுவிட்டு, "குழலைக் கால் மணி நேரம் ஸ்வெட்டருக்குள்ள வெச்சிருந்துட்டு ஊதுங்க" என்றார். வைத்து ஊதினேன். சேர்ந்தது!

காரணத்தை அப்புறம் தேடிப் படித்தேன். 0 டிகிரியில் ஒலி நொடிக்கு 331 மீட்டர் போகிறது, 20 டிகிரியில் 343 மீட்டர். குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் ஒலி மெதுவாக நகர்கிறது, சுருதி இறங்குகிறது. இதில் உயரத்துக்கு வேலை இல்லை, குளிருக்குத்தான். காக்-ஐ விரட்டுவது உயரம், குழலை இறக்குவது குளிர். இது புரிந்த அன்று காலையில் உங்களைக் கூப்பிட போனைக் கையில் எடுத்தேன். மணி ஆறு ஆகவில்லை என்று வைத்துவிட்டேன்.

உங்களிடம் மூச்சைப் பற்றிப் பேச மனசு தயங்குகிறது. ஆனாலும் சொல்கிறேன். ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், எட்டு எண்ணிக்கை, ஒரே மூச்சில் முதல் கால (மெதுவான) வேகத்தில் ஊதுவதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆனது. கோர்ட்டில் நான் இரைக்க இரைக்க நின்றபோது, "மூச்சை இழுக்காதே, முதலில் முழுசா விடு. உள்ளே வருவது தானா வரும்" என்று நீங்கள் சொன்னதுதான் குழலிலும் உதவியது. இதை டீச்சரிடமும் சொன்னேன். மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன் என்றார்.

இறங்கும்போது நீங்கள் என் கையில் கொடுத்த 'குறிஞ்சித் தேன்' படித்து முடித்துவிட்டேன். ராஜம் கிருஷ்ணன் இதே மலையில் இருந்து, படுகர் ஊர்களைப் பார்த்து எழுதியது என்று நீங்கள் சொன்னதை மனதில் வைத்துத்தான் ஆரம்பித்தேன். தனியாகப் படிக்கவில்லை சார். பக்கத்து வீட்டு ஹெத்தெக்கு (படுகர் பேச்சில் பாட்டி) கண்ணில் புரை, எழுத்து கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நான் வாசிக்க அவர் கேட்பார். பாதி நேரம் புத்தகம் மடியில் மூடியே இருக்கும், அவர் பேசிக்கொண்டிருப்பார். ராகியும் சாமையும் விளைந்த தங்கள் நிலத்தைத் தன் அப்பாதான் தேயிலைக்கு மாற்றினார் என்றார். அதற்கப்புறம் வீட்டில் எருமை இல்லாமல் போனதாம். ஒவ்வொரு எருமையின் பெயரையும் இன்னும் சொல்கிறார். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் நீங்கள் பென்சிலில் எழுதியிருந்ததையும் பார்த்தேன். 1994, 2006, 2018. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரும் குறிஞ்சிப் பூப்பு, நீங்கள் பார்த்த மூன்று. கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். 2030-இல் ஒரு பகல் மட்டும் ஏறி வாருங்கள், காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்கிவிடலாம். டாக்டரிடம் நானே பேசுகிறேன்.

சினிமா அதிகம் பார்க்கவில்லை. 'மூன்றாம் பிறை'யை மட்டும் மகளோடு இன்னொரு தடவை பார்த்தோம். மறுநாளே, நம் ரயிலில் குன்னூரில் ஏறி, வெலிங்டன், அரவங்காடு தாண்டிக் கேத்தியில் இறங்கிக்கொண்டோம். அந்த மழைக் காட்சி எடுத்த ஸ்டேஷன். சின்ன வயதில் கதைக்காக அழுத படம். இந்தத் தடவை என் கண் வெளிச்சத்திலேயே இருந்தது. மூட்டம் இறங்கிய நேரத்தில் முகத்தில் நிழலே விழாமல் பரவும் வெளிச்சம் நாம் தினமும் நாலு மணிக்குப் பார்ப்பது. பாலு மகேந்திரா 1982-லேயே அதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறார். மகள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை எடுக்கவே இல்லை.

பொங்கல் லீவில் அவளோடு கோவை வருகிறேன். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கோர்ட் இருப்பதாகச் சொன்னீர்களே, அங்கே போவோம். நீங்கள் ஆட வேண்டாம். பின்கோட்டுப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, காக் எங்கே விழுகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். குழலும் கொண்டுவருகிறேன், கீழே வெயிலுக்குச் சுருதி ஏறி நிற்குமோ என்னவோ, கேட்டுப் பார்த்துவிடலாம். டியூப் வாங்க வேண்டும். அந்த ஊர்க் காற்றுக்கு 76 எடுத்து வரவா, 77 எடுத்து வரவா? நீங்கள் சொல்லும்வரை வாங்காமல் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஹால் மாணவி