இழுப்பதற்கு முன் தூக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓடுபாதையைத் தாண்டி மண்ணில் புதைந்த விமானத்தைப் பற்றிச் செய்தி வந்தாலே, 'கட்டி இழுக்க இத்தனை நாளா?' என்று கேட்கிறார்கள். மீட்புக் குழுவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவசரப்பட்டு இழுத்தால், சின்ன சேதத்தோடு தப்பிய விமானமும் அங்கேயே ஒடிந்துபோகும்.

புலனாய்வாளர்கள் அனுமதித்த பிறகே கை வைக்க முடியும். எரிபொருளை இறக்க வேண்டும். அதுவும் இரண்டு இறக்கைகளின் எடையும் சமமாகக் குறையும்படி. சக்கரம் முறிந்திருந்தால் அடியில் காற்றுப் பைகளை அடுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊதித் தூக்குவோம். ஒரு பை கூடுதலாக ஏறினாலும் விமானம் பக்கவாட்டில் நகரும். அதற்காகவே இரு பக்கமும் வடம் கட்டியிருப்போம். மண் இளகியிருந்தால் சரளை கொட்டி, இரும்புத் தகடு பரப்பிப் பாதை போட வேண்டும். 2018இல் துருக்கியின் டிராப்சோனில் கடலை நோக்கிச் சரிந்து நின்ற போயிங் 737ஐ கிரேன்களால்தான் தூக்கினார்கள்.

முடங்கிய விமானத்தை அகற்றும் திட்டம் ஒவ்வொரு விமான நிலையத்திலும் இருக்க வேண்டும் என்கிறது ஐ.நா.வின் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ. அது கோப்பில் இருந்தால் போதாது. காற்றுப் பைகள் எங்கிருந்து, எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதை ஒத்திகை நடத்திப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்