ஆச்சியின் முண்டும் அம்மாவின் சுங்குடியும்

அன்புள்ள தாயி,

ஒட்டுப்போர்வை தைக்க நீ கேட்ட பழந்துணிகளை இன்று பார்சல் போட்டுவிட்டேன். ஆச்சியின் வெள்ளை முண்டும் அதன் மேல்துணியான நேரியதும், அம்மாவின் மெரூன் சுங்குடியும் அதில் இருக்கின்றன. சுங்குடியை அம்மாவே பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நானே சதுரமாக வெட்டி அனுப்பலாம் என்று கத்திரியை எடுத்தேன். அப்புறம், வெட்டுவது உன் கையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தபோது பிறந்தவள் ஆச்சி. 1956 நவம்பரில் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அவளுக்கு நல்ல நாள் என்றால் முண்டும் நேரியதும்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் மார்கழியில் நடக்கும் ஐயப்பன் திருக்கல்யாணத்துக்கு மதுரைச் சௌராஷ்டிரர்கள் பெண்வீட்டாராக வருவார்களே, சுங்குடி அவர்கள் கைவேலை. மலைக்கு அந்தப் பக்கத்து வெள்ளையும் மதுரைச் சிவப்பும் ஒரே கட்டத்தில் சேரப்போகின்றன என்றதும் எனக்கு அந்தக் கல்யாணம்தான் நினைவுக்கு வந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன். நீ படம் அனுப்பிய அந்த ‘நைன் பேட்ச்’ கட்டத்தில் ஒன்பது சதுரம். நான்கு மூலையிலும் நடுவிலும் சுங்குடி, மீதி நான்கும் முண்டு. ஒவ்வொன்றையும் இரண்டரை அங்குலத்துக்குத் துணியின் நேர் இழை பார்த்து வெட்டு. சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம், அதாவது நம் கணக்கில் இரண்டு நூல். ஒன்பதும் சேர்ந்ததும் கட்டம் ஆறரை அங்குலம் இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டத்தோடு இணைத்த பிறகு ஆறு நிற்கும்.

தாயி, இந்த இரண்டு நூலில்தான் மொத்தப் போர்வையும் இருக்கிறது. ஜாக்கெட்டில் தையல் கொஞ்சம் உள்ளே போனால் பிரித்து விட்டுக்கொடுக்கலாம். இதில் ஒவ்வொரு தையலும் அரை நூல் உள்ளே போனாலே கட்டத்தில் கால் அங்குலம் குறையும், பத்துக் கட்டத்துக்கு இரண்டரை அங்குலம். அதனால் மிஷின் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து தகட்டில் ஒரு டேப்பை ஒட்டிக்கொள். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே போகட்டும். கண் ஊசியில் இருக்க வேண்டாம், டேப்பில் இருக்கட்டும்.

இஸ்திரி போடும்போதும் ஒன்று கவனி. பேண்ட், சட்டைக்கு நான் பல இடங்களில் தையலை விரித்துத் தேய்ப்பதைப் பார்த்திருப்பாய். இங்கே அப்படி வேண்டாம். இரண்டு மடிப்பையும் சுங்குடிப் பக்கமே சாய்த்துவிடு, வெள்ளைக்குள் சிவப்பு தெரியாது. முதல் வரிசையில் மடிப்பு வெளிப்பக்கம் போகும், இரண்டாவதில் உள்பக்கம் வரும். வரிசைகளைச் சேர்க்கும்போது அந்த இரண்டும் எதிரெதிராக ஒன்றில் ஒன்று பொருந்தி உட்காரும். விரலால் தடவினாலே தெரியும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் நான்கு மூலையும் ஒரே புள்ளியில் வந்து நிற்கும். பெட்டியை இழுக்காதே, வைத்து எடு. இழுத்தால் பழந்துணி நெளிந்துவிடும்.

வெட்டும் முன் சுங்குடியின் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார். சாயம் ஒட்டினால், தண்ணீர் தெளியும் வரை அலசு. முண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த இடத்தை விட்டுவிடு. கசவுக் கரையைக் கட்டத்துக்குள் கொண்டுவராதே, சரிகை தடித்து நிற்கும். அதைத் தனியாக எடுத்து வை, போர்வையின் ஓரத்துக்கு ஆகும்.

ஆச்சி துணி ஆயிற்றே என்று பெட்டியில் பூட்டி வைத்துவிடாதே. மடித்த இடத்திலேயே இற்றுப் போகும். அவள் கிழிந்த முண்டைக்கூட வீணாக்கினவள் இல்லை, உன்னைத் தொட்டிலில் போட்டதே அவள் பழந்துணியில்தான். தைரியமாக வெட்டு.

முதல் கட்டம் முடிந்ததும் படம் அனுப்பு. முன்பக்கத்தை அம்மா பார்த்துக்கொள்வாள். எனக்குப் பின்பக்கத்தை அனுப்பு, பக்கத்தில் அளவு டேப்பையும் வைத்து எடு.

அன்புடன்,
அப்பா