மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்றைய பொதுக்குழுவுக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான மன்றப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டிலும் கொடியேற்றினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போனவர்களுக்குச் சுக்குமல்லி காபி கொடுத்தோம். காரைக்குடி கம்பன் விழாவுக்கு உறுப்பினர்கள் சிலர் போய்வந்தார்கள். கேரம் போட்டி மழையால் தள்ளிப்போனது, பிறகு நடக்கவில்லை. நூலக அலமாரிகளுக்குக் கறையான் மருந்து அடித்தாயிற்று.

இனி இந்த ஆண்டு மன்றம் செய்த பெரிய வேலைக்கு வருகிறேன். இதைப் பற்றி வெளியே பலவிதமாகப் பேசப்படுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஞாயிறு மாலைகளில் ஒரு கணினி விளையாட்டைப் பெரிய திரையில் போட்டு, எல்லோருமாகச் சேர்ந்து ஆடி, ஆடியவர்களின் கருத்தை ஒரு நோட்டில் எழுதி வைப்பது என்று செயற்குழுவில் முடிவானது. யோசனையைச் சொன்னது நான்தான். கோட்டையூரில் பூட்டிக் கிடந்த ஒரு வளவு வீட்டை அதன் பங்காளிகள் பெரிய மனதோடு திறந்துவிட்டார்கள். பட்டாலை என்கிற கூடத்துச் சுவரில் படம் விழவில்லை. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பழைய பூச்சு. முகம் தெரியும் அளவுக்கு வழவழப்பு. புரொஜெக்டர் வெளிச்சம் அப்படியே திரும்பிக் கண்ணைக் கூசவைத்தது. இரண்டு தேக்குத் தூணுக்கு நடுவே எட்டு முழ வேட்டியைக் கட்டி, காற்றில் ஆடாமல் இருக்கக் கீழ் நுனி ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைச் செம்பைத் தொங்கவிட்டோம். அதற்குப் பிறகு படம் தெளிவாக வந்தது.

எடுத்துக்கொண்டது 'தி லாஸ்ட் டோர்' என்ற திகில் விளையாட்டு. ஸ்பெயின் நாட்டின் செவில் நகரத்தில் இருக்கும் 'தி கேம் கிச்சன்' என்ற சிறு குழு செய்தது. முதல் அத்தியாயம் 2013இல் வந்தது. நான்கு அத்தியாயம் கொண்டது ஒரு பருவம்; மொத்தம் இரண்டு பருவங்கள். கதை 1891இல் இங்கிலாந்தில் நடக்கிறது. ஜெரமையா டெவிட் என்பவருக்குப் பள்ளித் தோழரிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. அதில் இருப்பது ஒரே ஒரு லத்தீன் வாசகம்: யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோழரின் மாளிகைக்குப் போகிறார், வீடு காலியாகக் கிடக்கிறது. திரையில் கண்ட பொருளைக் கிளிக் செய்து எடுத்து, அதை வேறோர் இடத்தில் பயன்படுத்திக் கதையை நகர்த்த வேண்டும். பாயின்ட் அண்ட் கிளிக் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். குரல் கிடையாது, எல்லாம் எழுத்து. ஒரு கல்லூரி மாணவி ஆங்கிலத்தைப் படித்து உடனுக்குடன் தமிழில் சொன்னார். அவர் இல்லாவிட்டால் பாதிப் பேர் முதல் வாரத்தோடு நின்றிருப்பார்கள்.

ஆடியவர்கள் சொன்னது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அதனால்தான் அதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

படத்தைப் பற்றித்தான் முதல் சண்டை. கட்டம் கட்டமாக, கண்ணும் மூக்கும் இல்லாத முகங்கள். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். பாலிடெக்னிக் தம்பிகள், "இதைவிட என் பழைய போன்லயே நல்லா இருக்கும்" என்றார்கள். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "புள்ளியை மட்டும் வச்சுட்டுப் போயிருக்கான், கோலத்தை நாமதான் இழுக்கணும். பயம் வர்றதே அதனாலதான்" என்றார். நான் ஆசிரியர் பக்கம். மாளிகைக் காட்சியில் வரும் காகங்களுக்குத் தெளிவான உருவமே கிடையாது. ஆனாலும் அந்த நேரத்தில் பட்டாலையில் யாரும் முறுக்கைக் கடிக்கவில்லை.

நடை மெதுவு என்ற குறை எல்லோருக்கும் உண்டு. டெவிட் ஒரு அறையைக் கடப்பதற்குள் ஒரு வாய்க் காபி குடித்துவிடலாம் என்று சொன்னவர்கள் பெரியவர்களும்தான். புதிர்கள் பெரும்பாலும் நியாயமானவை, கொஞ்சம் கவனித்தால் விடை கிடைக்கிறது என்பது பொதுக் கருத்து. கணினி மையம் வைத்திருக்கும் அண்ணன் 1993இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி காமெட்' ஆடியவர். பிரான்ஸின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனம் செய்தது. 1910இல் ஹாலி வால்நட்சத்திரத்தைப் படமெடுக்க ஒரு சிற்றூருக்கு வருகிறவரின் கதை. "அதுல தப்பான இடத்துல கால் வச்சா உயிர் போயிரும், திரும்ப ஆரம்பிக்கணும். இதுல சாவு பயமே இல்லை, ஆனா வீட்டுக்குப் போனா தூக்கம் வரலை" என்றார். இரண்டையும் ஆடியவர் என்பதால் அவர் சொல்லுக்கு எடை அதிகம்.

ஆட்டத்தின் முதல் காட்சி கடுமையானது. தன் முடிவைத் தானே தேடிக்கொள்ளும் ஒருவரின் ஒவ்வொரு அசைவையும் ஆடுகிறவர்தான் கிளிக் செய்து நடத்த வேண்டும். விளையாட்டு நம்மைப் பங்காளியாக்குகிறது. இரண்டு பேர் அந்த இடத்தில் எழுந்து போனார்கள், அவர்கள் போனதில் தவறில்லை. இந்தக் காட்சி இருப்பதைத் தெரிந்தே பள்ளிப் பிள்ளைகளை முதலிலிருந்து அனுமதிக்கவில்லை. பெரியவர்களுக்கும் வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டோம். ஆனாலும் "சின்னப் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள்" என்று ஒரு பேச்சு ஊரில் சுற்றியது. ஒரு நாள் வந்து பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

நோட்டில் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, மவுஸையே தொடாத ஒரு ஆச்சி சொன்னது. பேய்க்கதை என்று நினைத்து வந்தவர் மூன்றாம் அத்தியாயம் வரை விடாமல் உட்கார்ந்திருந்தார். லண்டனின் மூடுபனிச் சந்துகளில் டெவிட் அலையும் இடம் முடிந்ததும் சொன்னார்: "இதுல ஆவியே இல்லையேப்பா. ஆவின்னா நம்ம வீட்டு ஆளு. படைப்புல சேலை வச்சுக் கும்பிட்டா சமாதானமாயிரும். இதுல அந்தப் பக்கம் இருக்கிறதுக்கு நம்மள யாருன்னே தெரியாது போலிருக்கே. அதைப் போய் எப்படிக் கும்பிடுறது?"

1937இல் காலமான அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராப்ட் வாழ்நாளெல்லாம் எழுதிப் பார்த்த பயம் இதுதான். பேரண்டத்தில் நம்மைவிடப் பழையவை, பெரியவை இருக்கின்றன. அவற்றுக்கு நம்மேல் கோபமும் இல்லை, கருணையும் இல்லை. இந்த விளையாட்டும் அந்த மரபில் வந்தது. பட்டாலையில் தாத்தா படமும் அப்பத்தா படமும் மாட்டி, வருஷா வருஷம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் படைக்கிற ஊரில் இந்தப் பயம் வேறு மாதிரி உறைக்கிறது. ஆச்சி அதைத் தொட்டுவிட்டார். கல்லூரி மாணவி உடனே நோட்டை வாங்கி அதன் கீழேயே பதில் எழுதினார்: தனக்கு அது பயமாக இல்லை, யாரும் கவனிக்கவில்லை என்பது ஒருவகை விடுதலை என்று. என்னால் சம்மதிக்க முடியவில்லை, ஆனால் அதுவும் நோட்டில் இருக்கிறது.

முதல் பருவத்தின் முடிவு பலருக்குத் திருப்தி இல்லை. "மொட்டையா விட்டுட்டான்" என்ற வார்த்தை நோட்டில் பல கையெழுத்தில் இருக்கிறது. கதையில் நம் உலகத்தையும் மறு உலகத்தையும் பிரிக்கும் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது என்னவென்று விளக்கிவிட்டால் பயம் போய்விடும், அதைச் சொல்லாதது சரி. ஆனால் பள்ளிக் காலத்தில் டெவிட்டும் நண்பர்களும் சேர்ந்து செய்த காரியத்தின் கணக்கையாவது இன்னும் தெளிவாகத் தீர்த்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். கார்லோஸ் வியோலாவின் இசையைக் குறை சொன்னவர் யாரும் இல்லை.

எதற்கு இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதே கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றையும் சேர்த்தார். அன்று அதைக் குப்பை என்றவர்களும் இருந்திருப்பார்கள். இன்று சென்னையில் அவர் பெயரில் நூலகம் இருக்கிறது, ஆராய்ச்சியாளர்கள் தேடி வருகிறார்கள். நம் ஊர் மக்கள் ஒரு ஸ்பெயின் நாட்டு விளையாட்டைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்பது நம்மைத் தவிர வேறு யாரிடமும் இருக்காது.

வருகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் "அருமை, வாழ்த்துகள்" என்று போடுகிறவர்களில் பாதிப் பேரை நான் ஆண்டு முழுவதும் நேரில் பார்க்கவில்லை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களைச் சொல்லவில்லை. இரண்டு தெரு தள்ளி இருப்பவர்களைச் சொல்கிறேன். செயற்குழுக் கூட்டம் தேவையான எண்ணிக்கையில் ஆள் வராமல் தள்ளிப்போனது ஒருமுறை அல்ல. அப்படி வராதவர்களில் சிலர்தான் "பேய் விளையாட்டுக்கு மன்றப் பணமா?" என்று கேட்டது. விளையாட்டைத் தள்ளுபடி நேரத்தில் வாங்கினோம்; கோலப்போட்டிக்கு வாங்கிய கலர்ப்பொடிச் செலவுகூட இதற்கு ஆகவில்லை. புரொஜெக்டர் இரவல். வேட்டி என்னுடையது.

கணக்கைப் பொருளாளர் தனியாக வைப்பார். பொதுவாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. மின்கட்டணமும் நூலகச் செலவும் கூடியிருக்கின்றன. சந்தா பாக்கிதான் பெரிய கவலை. சிலருடைய பாக்கி மூன்றாம் ஆண்டைத் தொடுகிறது. பெயர்ப்பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று பொருளாளர் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். அடுத்த ஆண்டும் அப்படிச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அந்தச் செவில் நகரத்துக் குழு முகம் தெரியாத ரசிகர்கள் கொடுத்த சிறு சிறு தொகையில்தான் அத்தியாயம் அத்தியாயமாக இந்த விளையாட்டைச் செய்தது. முகம் தெரிந்த நமக்குள் அது முடியாதா?

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: வீடு தந்த பங்காளிகள், புரொஜெக்டர் தந்த கணினி மையத்து அண்ணன், வாராவாரம் தேன்குழலும் சீப்புச் சீடையும் அனுப்பிய ஆச்சிமார்கள், தலைவர், பொருளாளர், நூலகப் பொறுப்பாளர், கூட்டிப் பெருக்கித் தந்த அக்கா. எல்லோருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு இரண்டாம் பருவத்தை எடுக்க எண்ணம். டெவிட்டைத் தேடி அவருடைய மனநல மருத்துவர் வேக்ஃபீல்ட் புறப்படும் கதை அது. ஆனால் தை மாதம் அந்த வீட்டில் கல்யாணம், அதற்கு முன் வெள்ளையடிப்பு என்பதால் மார்கழியிலிருந்து பட்டாலை நமக்குக் கிடையாது. கூரை உள்ள ஒரு கூடமும், இன்வெர்ட்டரும் யாராவது கொடுத்தால் நடக்கும், இல்லாவிட்டால் நின்றுவிடும். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். ஞாயிறு ஆட்டத்தையும் நோட்டையும் தொடர்வதாக அவர் உறுதி தர வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். நோட்டு நூலகப் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. இன்னும் எழுதாதவர்கள் எழுதலாம். பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு கூட்டம் முடியும்வரை வாசல் பக்கத்தில்தான் இருப்பார்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்