செண்டுமல்லி நட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தக்காளிக்கு ஊடே செண்டுமல்லி நட்டால் பூச்சி அண்டாது என்று எங்கள் வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் எல்லாரும் சொல்கிறார்கள். தங்கள் வேளாண் பக்கத்திலும் அப்படியே வந்திருந்தது. செண்டுமல்லி பூச்சியை விரட்டாது; தக்காளியைத் துளைக்கும் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியைத் தன் பக்கம் இழுத்து, தன் பூவில் முட்டையிட வைக்கும். இது தெரியாமல் வயல் மூலையில் நாலு செடி வைப்பதால் ஒரு பயனும் இல்லை.

அந்துப்பூச்சி முட்டையிட வரும் நேரத்தில் செண்டுமல்லி பூத்திருக்க வேண்டும். அதற்கு அதன் நாற்றுக்கு 40 நாள் வயதும் தக்காளி நாற்றுக்கு 25 நாள் வயதும் இருக்கும்படி இரண்டையும் ஒரே சமயத்தில் நட வேண்டும். அதாவது, செண்டுமல்லி விதையை 15 நாள் முந்தியே விட வேண்டும். 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை போதும். உயரமாக வளரும் ரகமே வேண்டும். குட்டை ரகம் தக்காளித் தழைக்குள் அமுங்கிவிடும். பூத்தபின் பூவைப் பிரித்துப் பாருங்கள். இதழ்களின் அடியில் புழு தலையைப் புதைத்துத் தின்றுகொண்டிருக்கும். அந்தப் பூக்களைப் புழுவோடு பறித்து அழிக்க வேண்டும். பறிக்காமல் விட்டால் அந்த வரிசையே புழுப் பண்ணையாகிவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

மண்ணில் இருந்து வேரைத் தாக்கி முடிச்சு விழவைக்கும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு அந்த ஒற்றை வரிசை போதாது. செண்டுமல்லி வேரின் வீரியம் அதைச் சுற்றியுள்ள மண்ணோடு சரி. நிலம் முழுக்க நெருக்கமாக நட்டு, இரண்டு மாதமாவது வளர்த்து, மடக்கி உழுத பிறகு தக்காளி வைத்தால்தான் குறையும்.

இலைச்சுருட்டு வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈக்கும் செண்டுமல்லியை நம்பக் கூடாது. நாற்றங்காலை 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண் உள்ள) நைலான் வலையால் மூடுங்கள். ஈக்குத் தடுப்பாக வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளத்தை நடவுக்கு முன்பே விதைத்து வளர்த்துவிடுங்கள்.

துணைப்பயிரைவிட முக்கியம், எதற்குப் பின் தக்காளி வைக்கிறோம் என்பது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நம் மாவட்டத்துக்குப் பெருமை. ஆனால் கத்திரி எடுத்த நிலத்தில் உடனே தக்காளி வைக்காதீர்கள். கத்திரி, மிளகாய், புகையிலை, தக்காளி எல்லாம் ஒரே குடும்பம். வாடல் நோயும் நூற்புழுவும் பொது. செடி பச்சையாக இருக்கும்போதே திடீரெனத் தொங்கினால் தண்டைத் தரையோரம் அறுத்து, கண்ணாடி டம்ளரில் உள்ள தண்ணீரில் அறுத்த முனை படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போன்ற இழை இறங்கினால் பாக்டீரியா வாடல்தான். அந்தச் செடியை மருந்தடித்துக் காப்பாற்ற முடியாது. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தி, அடுத்த பட்டங்களில் நெல், சோளம், கம்பு என்று மாற்ற வேண்டும்.

வரப்போரம் தானாக முளைக்கும் மணத்தக்காளியும் தக்காளியின் குடும்பம்தான். நோயைத் தாங்கி நிற்கும். கீரைக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கொல்லையில் வளர்க்கட்டும், தக்காளி வரப்பில் வேண்டாம்.

துணைப்பயிர் பற்றி இனி எழுதும்போது நாற்றின் வயதையும் வரிசைக் கணக்கையும் சேர்த்தே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காய்கறி விவசாயி,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்