இரண்டு மணி பஸ்ஸுக்கு ஓடும் தோழி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள கயல்,

புதுச்சேரியில் உன் எம்.காம். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவரைப் பற்றி எழுதியிருந்தாய். எல்.கே.ஜி. படிக்கும் மகன், சாயங்காலம் இங்கே கடலூரில் மருந்துக் கடையில் பில்லிங் வேலை, வகுப்பு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட்டம். "யாரோடயும் ஒட்டவே மாட்டேங்கிறாங்கம்மா" என்கிறாய். ஒட்ட நேரம் இல்லை, அவ்வளவுதான். கேன்டீனுக்குக் கூப்பிட்டுப் பழகுவதெல்லாம் அவரிடம் நடக்காது. அவருடைய நேரத்தை முதலில் தெரிந்துகொள்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் 25 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் நெரிசலில் மாட்டினால் ஒரு மணி நேரத்தையும் தாண்டிவிடும். இரண்டு மணி பஸ்ஸை விட்டால் பிள்ளை முகத்தைப் பார்க்காமலே கடைக்குப் போக வேண்டியதுதான். அதனால் கடைசி பீரியட் முடிந்ததும் "ஒரு நிமிஷம்" என்று நிறுத்தாதே. பேச வேண்டியதைப் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து பேசு.

அட்டென்டன்ஸ் கணக்கை நீயும் போட்டுப் பார். செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்றால், 75 சதவீதத்துக்கு 68 நாள் வர வேண்டும். மீதி 22. ஏராளம் போலத் தெரியும். பள்ளியில் சேர்ந்த முதல் வருஷம் பிள்ளைகளுக்குச் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். ஒரு காய்ச்சலுக்கு மூன்று நாள் என்றாலும் ஐந்து தடவையில் 15 போய்விடும். வீட்டில் விசேஷம், கடையில் ஸ்டாக் எடுப்பது எல்லாமே மிச்ச ஏழு நாளுக்குள். அரை நாள் கணக்கில் வருகை எடுக்கும் துறையென்றால் இன்னும் மோசம். முதல் பீரியடுக்குப் பஸ் தாமதமானால் காலை வருகையே போச்சு. அதற்காக அவர் பெயருக்கு நீ வருகை சொல்லி ப்ராக்ஸி கொடுக்கக் கிளம்பிவிடாதே. பிடிபட்டால் உனக்குத் திட்டோடு போகும், அவருக்கு ஹால் டிக்கெட் வரை இழுக்கும். குழந்தை பெயரில் வாங்கிய மருத்துவச் சான்றை ஏற்பார்களா என்று காய்ச்சல் வருவதற்கு முன்பே துறையில் கேட்டு வைக்கச் சொல். மாணவிகளின் மகப்பேறு விடுப்புக்கும் வருகைச் சலுகைக்கும் விதி வகுக்கச் சொல்லி பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது உண்மைதான். எல்.கே.ஜி. காய்ச்சலுக்கு அதைக் காட்டிப் பயனில்லை.

நோட்ஸ் அனுப்புகிறேன் என்று வாட்ஸாப்பில் பதினைந்து போட்டோவை வரிசை மாறிக் கொட்டாதே. ராத்திரி பத்து மணிக்கு எது முன், எது பின் என்று தேட யாருக்குத் தெம்பு இருக்கும்? ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தேதி, பேப்பர் பெயர், பக்க எண் எழுது. நிழல் விழாமல் ஸ்கேன் எடுத்து, அன்றைய பாடத்துக்கு ஒரே பி.டி.எஃப். ஆக்கி அனுப்பு. போட்டோவாகப் போனால் தரம் குறைந்து பென்சிலில் போட்ட கணக்கு மங்கிவிடும். அக்கவுன்ட்ஸ் பாடமென்றால் கூடவே மூன்று நிமிஷ வாய்ஸ் மெசேஜ் போடு. எந்த அட்ஜஸ்ட்மென்டை எங்கே கொண்டுபோனார்கள், ஏன் என்பதை மட்டும் சொன்னால் போதும். சாதம் வடித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். இன்டர்னல் டெஸ்ட் தேதி மாறினாலோ, தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் ஒட்டினாலோ அன்றைக்கே அவருக்குத் தனியாக அனுப்பு. க்ரூப்பில் போட்டால் குட் மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

சேர்ந்து படிக்க ஞாயிற்றுக்கிழமையைக் கேட்காதே, பிள்ளைக்கு அந்த ஒரு நாள்தான். அதைவிட நல்ல நாள் காலண்டரிலேயே இருக்கிறது. ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டும் புதுச்சேரிக்கு விடுமுறை, கடலூரில் பள்ளி நடக்கும். மகன் பள்ளிக்குப் போய்விடுவான், கடைக்குச் சாயங்காலம்தான் போக வேண்டும், அதுவரை அவர் நேரம் அவர் கையில். நீ முதல் நாளே இங்கே வந்துவிடு, நம் வீட்டு மாடியில் உட்கார்ந்து படிக்கலாம். (அந்த இரண்டு தேதியும் எந்த வருஷமும் ஒரே கிழமையில்தான் வரும். ஞாயிறானால் இரண்டுமே போச்சு.) மழைக்காலத்தில் இது தலைகீழ். இங்கே கலெக்டர் பள்ளிக்கு லீவு விட்டிருப்பார், அங்கே உங்களுக்கு வகுப்பு நடந்துகொண்டிருக்கும். அன்றைக்கு அவர் வரவில்லையென்றால் காரணம் கேட்காமல் நோட்ஸை அனுப்பிவிடு.

க்ரூப் ப்ராஜெக்டுக்குக் காந்தி வீதி சண்டே மார்க்கெட் வியாபாரிகளிடம் சர்வே எடுக்கப் போகிறோம் என்றாயே, அந்த அலைச்சலை நீங்கள் நாலு பேரும் எடுத்துக்கொள்ளுங்கள். படிவங்களை எக்ஸெலில் ஏற்றுவதும் அட்டவணை போடுவதும் அவருக்கு. ராத்திரி அரை மணி, அரை மணியாகப் பிரித்துச் செய்யக்கூடிய வேலை அது. ஆனால் வேலையைக் குறைத்துக் கொடுப்பதாக நினைத்துப் பெயரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், வாய்மொழித் தேர்வான வைவாவில் மாட்டிக்கொள்வார். இன்னொன்று, காலாவதி மருந்தைத் திருப்பியனுப்பி மொத்த வியாபாரியிடம் அதன் தொகைக்குக் கிரெடிட் நோட் (வரவுச் சீட்டு) வாங்குவதும், அந்த மருந்தை ஸ்டாக்கில் கழிப்பதும் அவருக்கு அன்றாட வேலை. உன் புத்தகத்தில் அது ஒரு பத்தி இருந்தால் அதிகம். அவரிடம் ஒரு பில்லை வாங்கி என்ட்ரி போட்டுக் காட்டச் சொல், உனக்குத்தான் லாபம்.

புருஷன் என்ன செய்கிறார், பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நீயாகக் கேட்காதே. தோன்றினால் அவரே சொல்வார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதா, அக்கா என்பதா என்று மட்டும் கேட்டுக்கொள். போன் பண்ணுவதென்றால் ஒன்பதரைக்கு மேல், அதுவும் முதலில் மெசேஜ் போட்டுவிட்டு. பிள்ளை அப்போதுதான் தூங்கியிருக்கும்.

அன்புடன்,
அம்மா